சும்மா கிடக்கும் டொமைனை விலை பேசி வாங்குவது: நீலகிரி அனுபவம்

நீலகிரியில் ஹோம்ஸ்டேக்கோ டீத்தூள் கடைக்கோ டொமைன், அதாவது இணையதளப் பெயர், தேடுபவருக்கு ஒரு வசதி உண்டு. இங்கே ஊர்ப் பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டு கிடையாது. ஊட்டி, உதகை, உதகமண்டலம் எல்லாம் ஒரே ஊர். கோத்தகிரியை ஆங்கிலத்தில் ‘டி’க்குப் பிறகு ‘எச்’ போட்டும் எழுதுகிறார்கள், போடாமலும் எழுதுகிறார்கள். ஆகவே, நீங்கள் விரும்பும் பெயரை ஒருவர் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், அவரிடம் போவதற்கு முன்பே வேறு எழுத்துக்கூட்டில் ஒன்றைப் பதிவு செய்துவிடுங்கள். ‘இது இல்லாவிட்டால் அது’ என்று இருப்பவர்தான் நிதானமாக விலை பேச முடியும்.

அடுத்து, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்தில் பதிவான தேதி, காலாவதி தேதி, ரெஜிஸ்ட்ரார் (பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2018-க்குப் பிறகு உரிமையாளர் பெயரும் மெயிலும் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். இணையதளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அந்தத் தளத்தைத் திறந்தால் போன் நம்பர் கிடைக்கலாம். இடையில் அந்தப் பெயரில் சூதாட்ட விளம்பரம் ஓடியிருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். ஓடியிருந்தால் விட்டுவிடுவது நல்லது.

முதல் மெயிலில் கடைப் பெயரும் வேண்டாம், திறப்பு விழாத் தேதியும் வேண்டாம். இவ்வளவு போதும்: “வணக்கம். இந்த டொமைன் பயன்பாட்டில் இல்லை என்று தெரிகிறது. விற்பதாக இருந்தால் என்ன விலை எதிர்பார்க்கிறீர்கள்?” முதல் தொகையை அவர் வாயிலிருந்தே வரவிடுங்கள். ஏப்ரல், மே சீசனில் கேட்டால் அவசரம் என்று புரிந்துகொண்டு ஏற்றிச் சொல்வார்கள். ஆடி மழையில் கேளுங்கள். அல்லது வருடாந்தர ரினியூவலுக்கு ஒரு மாதம் முன்பு கேளுங்கள். சும்மா கிடக்கும் பெயருக்கு இன்னொரு வருடம் பணம் கட்டுவதா என்று அவரே யோசிக்கும் நேரம் அது.

காலாவதியாகட்டும், காத்திருப்போம் என்பது பலரை ஏமாற்றிய கணக்கு. டாட் காம் பெயர் காலாவதியானாலும் ரெஜிஸ்ட்ரார் 45 நாள் வரை வைத்திருக்கலாம். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், 5 நாள் நீக்கக் காலம். அந்த முதல் கட்டத்திலேயே பல ரெஜிஸ்ட்ரார்கள் பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

விலை படிந்த பிறகுதான் பேரங்கள் உண்மையில் முறிகின்றன. விற்பவர் நல்ல மனிதர்தான், ஆனால் டொமைன் அவர் கையில் இல்லை. பத்து வருடத்துக்கு முன் சைட் செய்து கொடுத்த டிசைனர் அதைத் தன் கணக்கில் பதிந்திருப்பார். அல்லது ஓடிபி போகும் போன் நம்பர் எப்போதோ கைமாறியிருக்கும். அதனால் முன்பணத்துக்கு முன் ஒரு சோதனை: பேசி வைத்த ஒரு சொல்லை டிஎன்எஸ்ஸில் (டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் பொதுப் பதிவு) டெக்ஸ்ட் ரெக்கார்டாக, அதாவது யாரும் பார்க்கக்கூடிய குறிப்பாக, போடச் சொல்லுங்கள். போட்டால் டிஎன்எஸ்ஸாவது அவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

இருவருக்கும் ஒரே ரெஜிஸ்ட்ராரில் கணக்கு இருந்தால் ‘புஷ்’ செய்யச் சொல்லுங்கள், அதாவது அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு நேரே மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும். வேறு ரெஜிஸ்ட்ரார் என்றால் மாற்றத்தைத் தடுக்கும் லாக்கை எடுத்து, மாற்றத்துக்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு வாங்கி, ஐந்து நாள் வரை பொறுக்க வேண்டும். பதிவு செய்தோ மாற்றியோ 60 நாள் ஆகாத பெயர் வழக்கமாக நகராது. பெரிய தொகைக்கு எஸ்க்ரோ, அதாவது பெயர் கைமாறும்வரை பணத்தை நடுவில் ஒரு நிறுவனம் வைத்திருக்கும் ஏற்பாடு, அவசியம். சின்னத் தொகைக்கு அதன் கட்டணமே பாரம் என்பதால், நேரில் உட்கார்ந்து புஷ் ஆனதும் யுபிஐயில் அனுப்பிவிடலாம். டொமைன், தொகை, தேதி மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

விற்பவருக்கு ஒன்று. அந்த டொமைனில் இருந்த பழைய மெயிலை வைத்துத்தான் வங்கி, கூகுள் மேப் பக்கம், புக்கிங் தளங்களில் நுழைகிறீர்களா என்று பாருங்கள். பெயர் கைமாறிய நாளிலிருந்து பாஸ்வேர்டை மாற்றும் மெயில் வாங்கியவர் பெட்டிக்குத்தான் போகும். எல்லாவற்றிலும் மெயில் முகவரியை மாற்றிய பிறகு ஆத் கோடு கொடுங்கள், அல்லது புஷ் செய்யுங்கள்.