க்ளாக்: பழைய நிரலை எடுத்துக்கொள்ளும் முன் நான் ஓட்டும் கருவி

வேறு ஒருவர் எழுதிவிட்டுப் போன மென்பொருளைப் பராமரிக்கக் கேட்டால், கூலி பேசும் முன் நான் ஓட்டிப் பார்ப்பது, நிரல் வரிகளை எண்ணும் க்ளாக் (cloc). புதுச்சேரியில் எங்களுடையது சிறிய அலுவலகம். ஜவுளிக் கடை, உரக்கடை, மருந்துக் கடைகளின் பழைய பில்லிங் மென்பொருள்கள்தான் பெரும்பாலும் வருகின்றன. எதற்கும் ஆவணம் இருக்காது.

ஆல் டேனியல் 2006இல் வெளியிட்ட க்ளாக், பெர்ல் மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள். கட்டளை வரியில் கோப்புறையைக் காட்டினால் மொழிவாரியாக வெற்று வரி, குறிப்பு வரி, நிரல் வரி என்று பிரித்து அட்டவணை தருகிறது. இணையம் வேண்டாம், வாடிக்கையாளரின் நிரல் நம் கணினியை விட்டு வெளியே போவதில்லை.

பலர் அடியில் உள்ள மொத்தத்தைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு முக்கியம், அட்டவணைக்கு மேலே வரும் இரண்டு எண்கள்: உரைக் கோப்புகள் எத்தனை, அவற்றுள் ஒன்றுக்கொன்று வேறானவை எத்தனை. அச்சு அசலாக ஒன்றாக உள்ள கோப்புகளைக் க்ளாக் ஒருமுறைதான் எண்ணும். இடைவெளி பெரிதாக இருந்தால், கடலூர்க் கிளைக்கு ஒன்று, விழுப்புரத்துக்கு ஒன்று என்று நகலெடுத்து வைத்திருக்கிறார்களோ என்று உடனே தேடுவேன். 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. அடுக்குகள் மாறியபோது இத்தகைய நிரல்களில் ஒரே திருத்தத்தைக் கிளைதோறும் செய்ய வேண்டியிருந்தது.

ஓர் எழுத்து மாறினாலும் நகல் இந்தக் கணக்கிலிருந்து தப்பிவிடும். அதற்குக் கோப்புவாரி அறிக்கை கைகொடுக்கிறது: நிரல் வரிகளின் எண்ணிக்கைப்படி வரிசையாக வருவதால், கடையின் பெயரை மட்டும் மாற்றிய நகல்கள் ஒரே எண்ணுடன் அடுத்தடுத்து நிற்கும். வெளியிலிருந்து சேர்த்த நூலகக் (பிறர் எழுதிய ஆயத்த நிரல்) கோப்புறைகளை விலக்கச் சொல்ல மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கணக்கு ஊதிப்போகும்.

பெரிய திட்டங்களில் க்ளாக் மெதுவானதுதான். இதே வேலையைச் செய்யும் கருவிகளில், கோ மொழியில் எழுதிய எஸ்சிசி (scc), ரஸ்ட் மொழியில் எழுதிய டோக்கேய் (tokei) இரண்டும் மிக வேகம். எஸ்சிசி உருவாக்கச் செலவையும் மதிப்பிடும். ஆனால் வரிகளின் எண்ணிக்கையிலிருந்து உழைப்பைக் கணிக்கும், பேரி போம் 1981இல் வெளியிட்ட கோகோமோ சூத்திரத்தில், நிரலரின் ஆண்டுச் சம்பளம் 56,286 டாலர் என்று வைத்துக் கணக்கிடுகிறது. அந்தத் தொகையை நம் ஊர்க் கடைக்காரரிடம் காட்டுவது நியாயமில்லை.

க்ளாக்கை நான் விடாததற்கு இன்னொரு காரணம், அதன் ஒப்பீட்டு வசதி. இரண்டு பதிப்புகளைக் கொடுத்தால் மாறாதவை, திருத்தியவை, சேர்த்தவை, நீக்கியவை என்று தனித்தனியாகச் சொல்லும். நகல்களை ஒன்றாக்கிய மாதங்களில் அந்த அறிக்கையைப் பில்லோடு இணைத்து அனுப்புகிறேன். நீக்கிய வரிகளுக்கும் உழைப்பு உண்டு என்பதைக் கடைக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள்.