மடுக் கடைகளில் விற்கும் முடிச்சுச் செபமாலை வயலுக்குத் தாங்குமா?

மன்னார் மடு மாதா கோவிலில் யூலை 2, ஓகஸ்ட் 15 திருவிழாக்களுக்குப் போடும் கடைகளில் முதலில் கண்ணை இழுப்பது, கத்தோலிக்கர் மணி எண்ணிச் செபம் சொல்லும் செபமாலைகளில் கண்ணாடி மணி மாலைதான். வாங்கினால் அது வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்தின் கையில்தான் தொங்கும். வயல், அடுப்படி, கிளினிக் வாங்கு என்று கூடவே வர வேண்டுமென்றால் நைலோன் கயிற்றில் முடிச்சுப் போட்ட மாலையை எடுங்கள்.

சங்கிலி மாலை பெரும்பாலும் மணிகளைக் கோக்கும் கம்பி வளையத்தில்தான் அறும். சாரத்தில் செருகிக்கொண்டு நாலு தரம் குனிந்து நிமிர்ந்தால் வளையத்தின் வாய் விரிந்துவிடும். வியர்வையில் முலாம் கழன்று தோலில் பச்சை படியும். மட்டமான மர மணி நனைந்தால் சாயம் விடும். கயிற்று மாலையில் இந்தக் கரைச்சல் எதுவும் இல்லை, சத்தமும் இல்லை.

யானைக் காவலுக்குப் பரணில் இருப்பவருக்கு இதன் அருமை விளங்கும். ரோச்சை அணைத்துவிட்டுப் பெருவிரலால் ஒவ்வொரு முடிச்சாகத் தள்ளிக்கொண்டு போகலாம். ஆகவே வாங்கும்போது கண்ணை மூடித் தடவிப் பாருங்கள். மாதாவை நோக்கிச் சொல்லும் அருள்நிறை மந்திரத்துக்கு 53 சிறிய முடிச்சு, பரலோக மந்திரத்துக்கு 6 பெரிய முடிச்சு இருக்க வேண்டும். சிறியதில் கயிறு மூன்று சுற்று, பெரியதில் நாலைந்து சுற்று. இரண்டும் ஒரே பருமன் என்றால் இருட்டில் எந்தப் பத்தில் (பத்து அருள்நிறை மந்திரம் சேர்ந்த பகுதியில்) நிற்கிறீர்கள் என்று தெரியாது. பத்து முடிச்சு வர வேண்டிய இடத்தில் ஒன்பதோ பதினொன்றோ வந்திருக்கவும் கூடும், எண்ணிப் பாராமல் காசைக் கொடுக்காதீர்கள்.

குறையும் இருக்கிறது. பிளாஸ்ரிக் சிலுவையில் ஒட்டிய பாடுபட்ட சுரூபம் சீக்கிரமே கழன்றுவிடும். சிலுவையும் சுரூபமும் ஒன்றாக வார்த்த உலோகம் நல்லது. கயிற்று நுனியை முடிச்சோடு ஒட்ட உருக்கியிருந்தால் அந்த முடிச்சுக் கருகி, பிறகு அங்கேயே அறும். சேறு பிடித்தால் சவர்க்காரத் தண்ணியில் ஊறவைத்துக் கழுவி நிழலில் காயப்போடுங்கள், தொடர்ந்து வெயில் பட்டால் நைலோன் உக்கிவிடும். வலை பொத்தத் தெரிந்தவர் கடைக்கே போக வேண்டாம்: 2 மில்லிமீற்றர் கயிறு 6 மீற்றர், ஒரு லைற்றர், ஒரு சிலுவை போதும்.

எம்மாவுசுக்கு நடந்த இருவருக்கும் வழியெல்லாம் ஆண்டவரே மறைநூலை விளக்கினார், அவர்கள் அவரை அறியவில்லை. அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் கண் திறந்தது (லூக்கா 24). செபமும் அப்படித்தான், அன்றாட வேலைக்குள் வர வேண்டும். செபமாலையைக் கோவிலில் மட்டும் கையில் எடுப்பவருக்கு எந்த மாலையும் சரிதான். ஐந்து பத்தும் சொல்ல இருபது நிமிடமளவு பிடிக்கும். மடை திறந்துவிட்டு, தண்ணி கடைசி வரம்புக்கு வரும்வரை வாய்க்கால் கரையில் நிற்பவருக்கு அந்த நேரம் கையிலேயே கிடக்கிறது, சேற்றுக் கையால் தொட அஞ்சாத மாலை ஒன்றுதான் வேண்டும்.

விரலில் போடும், பத்து மணி பதித்த செபமாலை மோதிரமும் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவருக்கு அது நல்லது. மண்வெட்டி பிடிக்கிறவர் வாங்க வேண்டாம், விரல் உரசிக் கொப்புளம் போடும்.