பிள்ளைகளோடு சிங்கப்பூர் வனப்பாதைகளில்: சில ஆண்டுகளின் அனுபவம்

சிங்கப்பூரில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இயற்கை வனப்பகுதிகள் நான்கு: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லேப்ரடார். நான்குக்குமே எம்ஆர்டி என்கிற நகர ரயிலிலும் பேருந்திலும் போய்விடலாம், நுழைவுக் கட்டணமும் கிடையாது. மூத்தவள் ஸ்ட்ரோலரில் இருந்த காலத்திலிருந்து, இளையவன் எங்களுக்கு முன்னால் ஓடும் இந்தக் காலம் வரை, சனி ஞாயிறுகளில் இந்த இடங்களில்தான் மாறி மாறி நடந்துகொண்டிருக்கிறோம். ஊரிலிருந்து பெரியவர்கள் வந்தாலும் கூட்டிப்போவது இங்கேதான்.

பாதை எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம் என்றுதான் நண்பர்கள் முதலில் கேட்கிறார்கள். பிள்ளைகளோடு போகும்போது அதெல்லாம் இரண்டாம்பட்சம். அவர்கள் பத்தடிக்கு ஒருமுறை நிற்பார்கள். நிற்கிற இடத்தில் நிழல் வேண்டும். அவர்கள் கண் உயரத்தில் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். அலுத்துப்போனால் பாதியில் திரும்ப வழி வேண்டும். கழிப்பறை ரொம்ப தூரத்தில் இருக்கக் கூடாது. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் சுங்கை பூலோவுக்குப் பக்கத்தில்கூட வேறு எதுவும் வராது.

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி 925 பேருந்து பிடித்தால் கிராஞ்சி நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து வருகையாளர் நிலையம் சில நிமிட நடைதான். காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள், மாலை 7 வரை இருக்கலாம். முன்பு இந்த இடத்தில் இறால் பண்ணைகள் இருந்தன. 1993இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள், 2002இல் வனப்பகுதியாக அறிவித்தார்கள். அந்தப் பழைய இறால் குளங்கள்தான் இன்றைக்குப் பறவைகள் வந்து தங்கும் இடம்.

இங்கே எப்போது போவது என்பதைக் கடல்தான் தீர்மானிக்கிறது. கடல் வற்றியிருக்கும்போது வெளியே சேற்றுத் திட்டுகள் தெரியும், வலசை வந்த பறவைகள் அங்கே சிதறி மேய்ந்துகொண்டிருக்கும். வெறுங்கண்ணுக்கு வெறும் புள்ளிகள்தான். கடல் ஏறியதும் திட்டுகள் மூழ்கிவிடும், அத்தனை பறவைகளும் குளங்களுக்குள் வந்து கூட்டமாக நிற்கும். குளங்களில் தண்ணீரை மதகு வைத்துக் கட்டுப்படுத்துவதால் அந்த நேரத்திலும் அவற்றுக்குக் கால் ஊன்ற இடம் இருக்கும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை, கடல் ஏற்றம் காலை நேரத்தில் வரும் நாளாகப் பார்த்துப் போனால், பறவை பார்ப்பதற்கென்று கட்டிய மறைவிடத்தின் பலகைச் சந்து வழியாகப் பிள்ளைகள் பவளக்காலிகளையும் உப்புக்கொத்திகளையும் நன்றாகவே பார்க்கலாம். அலை நேர அட்டவணை இணையத்தில் கிடைக்கும். கிளம்புவதற்கு முன் நான் மழையைப் பார்க்கிறேனோ இல்லையோ, அதைப் பார்த்துவிடுவேன்.

பறவை பார்க்கப் பொறுமை இல்லாத பிள்ளைகளுக்கு நேரெதிராகக் கடல் வற்றும் நேரம்தான் சரி. அலையாத்திக் காட்டுக்குள் மரப்பலகைப் பாதை போகிறது, இரண்டு பக்கமும் சேறு. அதில் மட்ஸ்கிப்பர் என்கிற மீன், தண்ணீருக்கு வெளியே, முன் துடுப்புகளை ஊன்றி ஊன்றி நகரும். தலை உச்சியில் இரண்டு கண்கள் துருத்திக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தால் ஒரு கண் மட்டும் குழிக்குள் இறங்கி, ஈரமாகி, மறுபடி மேலே வரும். என் மகன் இதைப் பார்ப்பதற்காக வயிறு பலகையில் படக் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்து கிடப்பான். பக்கத்திலேயே சேற்றிறால் தோண்டித் தள்ளிய மண்மேடுகள், பெரிய நண்டு, சின்ன நண்டு எல்லாம் இருக்கும். அந்த ஐம்பது அடியிலேயே எங்களுக்கு முக்கால் மணி நேரம் போய்விடும். அவசரப்படுத்த வேண்டாம், இங்கே வந்ததே அதற்குத்தான்.

பெரிய பாலத்தில் கட்டாயம் நில்லுங்கள். கீழே ஆற்றில் வில்லாளி மீன்கள் திரியும். வாயால் தண்ணீரைப் பீய்ச்சி இலையில் இருக்கும் பூச்சியை விழவைக்கிற மீன் அது. சில நாள் உப்புநீர் முதலையும் தென்படும். முதலில் மிதக்கிற கட்டை என்றே தோன்றும், மூக்கும் கண்ணும் மட்டும் நீருக்கு மேலே இருக்கும். பாலத்தின் மேலிருந்து பார்ப்பதில் பயமில்லை. ஆனால் பாதையை விட்டு இறங்கி நீரோரம் போகக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் நுழையும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். பாதையின் குறுக்கே ஆளுயரத்துக்கு நீர் உடும்பு படுத்திருப்பதும் உண்டு. விலகி நின்றால் அது தன் பாட்டுக்குப் போய்விடும்.

என் மாமியாருக்குச் சிதம்பரம் பக்கம். முதல்முறை அவரை இங்கே கூட்டி வந்தபோது அலையாத்திக்கு நடுவே ஒரு மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இது தில்லை மரமாச்சே!" என்றார். பிச்சாவரத்தில் இருக்கும் அதே மரம்தான், சுங்கை பூலோவிலும் வளர்கிறது. மகள் இலையைக் கிள்ளப் போனதும் "ஒடிக்காதே கண்ணு, பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பால் கண்ணுக்கு உண்மையிலேயே ஆபத்தானது. அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பதை நான் எத்தனை முறை படித்துக் காட்டியும் நிற்காத விஷயம், பாட்டி சொன்னதும் மகள் மனதில் நின்றுவிட்டது. இப்போது எந்தக் காட்டுக்குப் போனாலும் அவளே தம்பியின் கையைப் பிடித்து நிறுத்துகிறாள்.

கடலோரப் பாதை 1.3 கிலோமீட்டர். தரை சமமாக இருப்பதால் முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கும் ஸ்ட்ரோலருக்கும் சிரமமில்லை, நீரிணைக்கு அப்பால் மலேசியாவின் ஜொகூர் தெரியும். வலசைப் பறவைப் பாதை அதைவிட நீளம், வெயில் அதிகம். பத்து மணிக்கு மேல் சின்னப் பிள்ளைகளோடு அதில் இறங்க மாட்டேன். சாப்பாடு கையோடு கொண்டுபோங்கள், பக்கத்தில் உணவங்காடி எதுவும் கிடையாது.

அடுத்தது மெக்ரிட்சி. 1868இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம், மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது. இங்கே எல்லாரும் தொங்குபாலத்தைத்தான் கேட்பார்கள். 250 மீட்டர் நீளம், தரையிலிருந்து 25 மீட்டர் உயரம் வரை போகும், இரண்டு குன்றுகளை இணைத்து 2004இல் திறந்தது. மரங்களின் உச்சிக்கு மேலே நிற்கிற அந்தச் சில நிமிடங்கள் அபாரமானவை, சந்தேகமே இல்லை. ஆனால் பாலம் நுழைவாயிலில் இல்லை. நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து போய்வந்தால் பத்து கிலோமீட்டருக்குக் குறையாது. வீனஸ் டிரைவ் பக்கம் வின்சர் இயற்கைப் பூங்கா வழியாகப் போனாலும் ஏழு கிலோமீட்டர் ஆகிவிடும். பாலம் ஒருவழி என்பதால் ஏறியபின் திரும்ப முடியாது, இறங்கியபின் படிகள் வேறு. எட்டு வயதுக்குக் கீழே இருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். தூக்கிக்கொண்டு நடக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஊரின் புழுக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பதிலாக, நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டியே போகும் மரப்பலகைப் பாதைகள் இருக்கின்றன. நிழல், தண்ணீர், ஆமை, தட்டான், வளைவுக்கு வளைவு உட்கார இடம். போதும் என்று தோன்றிய இடத்தில் திரும்பலாம். மழை பெய்த மறுநாள் பலகை வழுக்கும், நல்ல பிடிப்புள்ள காலணி போட்டுவிடுங்கள்.

மெக்ரிட்சியில் குரங்குகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீண்டவால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை சலசலத்தால் சாப்பாடு என்று தெரியும், பையின் ஜிப்பைத் திறக்கவும் தெரியும். எங்கள் கண் முன்னாலேயே ஒரு குடும்பத்தின் பையிலிருந்த ரொட்டி முழுவதும் ஒரே நொடியில் மரமேறிவிட்டது. அவை மேல் தப்பில்லை, யாரோ ஊட்டிப் பழக்கியிருக்கிறார்கள். காட்டு விலங்குகளுக்குத் தீனி போட்டால் முதல்முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம் உண்டு. அபராதத்தை விடுங்கள், ஊட்டப்பட்ட குரங்கு மனிதரைத் துரத்தப் பழகிவிடுகிறது, கடைசியில் பாதிக்கப்படுவது அந்தக் குரங்குதான். சாப்பாட்டை முதுகுப்பைக்குள் அடியில் வையுங்கள். குரங்கு பக்கத்தில் வந்தால் ஓடாமல், கண்ணுக்குக் கண் பார்க்காமல், அமைதியாக விலகி நடக்கச் சொல்லிக் கொடுங்கள். என் பிள்ளைகள் இதை நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

புக்கிட் தீமா கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு. சிங்கப்பூரின் மிக உயரமான இடம், உச்சியில் பாறையில் 163.63 மீட்டர் என்று எழுதியிருக்கும். அந்தப் பாறையோடு படம் எடுக்கலாம் என்று சொன்னால் ஆறேழு வயதுப் பிள்ளைகளும் ஏறிவிடுவார்கள். பிரதான வழி தார்ச்சாலைதான், ஆனால் தொடக்கத்திலேயே செங்குத்து. ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு போவது வதை, இறங்கும்போது ஆபத்தும்கூட. இங்கே பார்க்க வேண்டியதெல்லாம் மேலேதான் இருக்கும், அண்ணாந்து பார்க்கிற பொறுமை வரும் வயதில் கூட்டிப்போனால் போதும். 2014இலிருந்து 2016 வரை பாதைகளைச் சரிசெய்வதற்காக இதைப் பெரும்பாலும் மூடிவைத்திருந்தார்கள். மண் அரிப்பு எவ்வளவு மோசமாகியிருந்தது என்பதை அறிந்தவர்கள் குறுக்குவழியில் கால் வைக்க மாட்டார்கள்.

லேப்ரடார் நாலிலும் சின்னது, பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அதுவே போதும். லேப்ரடார் பார்க் எம்ஆர்டியில் இறங்கியதும் நடை தொடங்கிவிடும். கடற்காற்று, புல்வெளி, போர்க்காலப் பீரங்கிகள். பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் பீரங்கியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

எந்த இடமானாலும் காலையில் போய்விடுங்கள். பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டுவது இங்கே சகஜம், மரத்தடியில் ஒதுங்குவது மின்னல் நேரத்தில் கூடாது. கொசு மருந்து, ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி, ஒரு மாற்றுச் சட்டை இருந்தால் சமாளிக்கலாம். தொங்குபாலம் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும், பராமரிப்புக்காக மூடும் நாட்களும் உண்டு. அப்புறம், தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்.