பிராகில் யூரோ மாற்றப் போகிறவர்கள் ரசீதில் உள்ள நேரத்தைப் பாருங்கள்

என் மாமனார் 34 ஆண்டுகள் வங்கிக் காசாளராக இருந்தவர். நோட்டுக் கட்டை விரலால் ஒரு முறை விசிறினாலே தாள் குறைகிறதா என்று சொல்லிவிடுவார். அவர் பக்கத்தில் நிற்கும்போதே, செக் நாட்டுத் தலைநகர் பிராகில், பட்டப்பகலில், ரசீதும் கொடுத்து எங்களை ஏமாற்றினார்கள். ஒரு தாள்கூடக் குறையவில்லை.

வியன்னாவிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரப் பயணம். செக் நாடு 2004-லேயே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது; ஆனால் யூரோவுக்கு மாறவில்லை. அங்கே புழங்குவது கொருனா. கையில் மிஞ்சியிருந்த 300 யூரோவை மாற்றிக்கொள்ளலாம் என்று பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டிய சந்தில் ஒரு பணமாற்றுக் கடைக்குள் நுழைந்தோம். 1410-இல் நிறுவிய வானியல் கடிகாரம் பன்னிரண்டு அடிப்பதற்குள் அதன் எதிரில் இடம் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கு. வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை: 'கமிஷன் 0%'. அதன் கீழே கொட்டை எழுத்தில், யூரோவுக்கு 25.40. காலையில் கைபேசியில் பார்த்ததும் ஏறக்குறைய 25-தான். நியாயமான கடை என்று நினைத்துவிட்டேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் 5,730 கொருனாவை எண்ணி வைத்தார். மாமா கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். ஆயிரம் கொருனா நோட்டு ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே தூக்கி நீர்க்குறி பார்த்தார். "சரியாக இருக்கிறது, மாப்பிள்ளை" என்றார். கடிகாரத்தடியில் கூட்டத்தில் நெருக்கியடித்து நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. "முந்நூறை இருபத்தைந்தால் பெருக்கினால் ஏழாயிரத்து ஐந்நூறு அல்லவா வர வேண்டும்?" மேலே கடிகாரத்தின் சன்னல் திறந்து, இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர் பொம்மைகள் ஒவ்வொன்றாக வந்து போயின. நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

திரும்பி ஓடினோம். அந்தப் பெண் பதற்றமே இல்லாமல் கண்ணாடியின் கீழ்மூலையைக் காட்டினார். அங்கே பொடி எழுத்தில் இன்னொரு பத்தி, அதில் 19.10. சூட்சுமம் இதுதான். வாசலில் பெரிதாக எழுதியிருந்தது அவர்கள் யூரோவை விற்கும் விலை. நாம் யூரோவைக் கொடுத்துக் கொருனா கேட்டால் அவர்கள் வாங்கும் விலைதான் நமக்கு. செக் மொழியில் 'நாகுப்' என்றால் வாங்குதல், 'ப்ரொடேய்' என்றால் விற்றல். 'நாகுப்' பத்தியை மட்டும் பாருங்கள். கமிஷன் பூச்சியம் என்பது பொய்யில்லை. அவர்கள் எடுப்பதை எல்லாம் விலையிலேயே எடுத்துவிடுகிறார்கள். எங்களுக்குப் போனது 1,700 கொருனாவுக்கு மேல்; நம் பணத்தில் ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாது.

இதற்குப் பிறகாவது சுதாரித்திருக்க வேண்டும். பசி விடவில்லை. சதுக்கத்தில் விறகுத் தீயில் முழுப் பன்றித் தொடை சுழன்றுகொண்டிருந்தது. விலை 109 என்று பலகை சொன்னது. கடைக்காரர் எவ்வளவு வேண்டும் என்று கேட்கவே இல்லை. கத்தியை இறக்கி ஒரு துண்டை வெட்டித் தராசில் போட்டார். 480 கிராம். பலகையில் இருந்தது நூறு கிராமுக்கான விலை! வெட்டியாகிவிட்டது, கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். 523 கொருனா. கறி நன்றாகத்தான் இருந்தது, அது வேறு விஷயம். என் மனைவிக்குக் கிடைத்தது, கம்பியில் சுற்றிச் சுட்டுச் சர்க்கரை தூவும் 'ட்ரிடெல்னிக்'. பிராகின் பழம்பெரும் பலகாரம் என்று தெருவெங்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். உரிமை கொண்டாட வேண்டியது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஸ்லோவாக்கியாவின் ஸ்காலிட்சா ஊர்.

மூன்று மணிக்கு விடுதிக்குப் போனோம். கதையைக் கேட்ட வரவேற்பாளர் முதலில் கேட்டது, "ரசீது எங்கே?" 2019 ஏப்ரல் முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. பணமாற்றுக் கடையில் 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றியிருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய்க் காரணம் எதுவும் சொல்லாமலே ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெறலாம். கடை மறுக்க முடியாது. மறுத்தால் செக் தேசிய வங்கியிடம் புகார் செய்யலாம். எங்கள் ரசீதில் இருந்த நேரம் 11.42. மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினெட்டு நிமிடம் தாண்டியிருந்தது. இருந்தாலும் போய்ப் பார்த்தோம். அதே பெண் ரசீதில் நேரம் இருந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுத் திருப்பித் தந்தார். நாங்கள் முதல் முறை திரும்பி வந்து கேட்டபோது அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அப்போது அவர் இந்தச் சட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே, நோட்டை நீட்டுவதற்கு முன்பே "இத்தனை யூரோவுக்கு மொத்தம் எத்தனை கொருனா?" என்று கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். தெருவில் நல்ல விலை தருகிறேன் என்று வருகிறவரிடம் பேச்சே வேண்டாம். செல்லாத அயல்நாட்டு நோட்டுகளைத் தலையில் கட்டிவிடுவார்கள். ஏடிஎம்மில் எடுப்பதானால் வங்கிக் கிளையோடு சேர்ந்த இயந்திரமாகப் பாருங்கள். உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிட்டுத் தரட்டுமா என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லிக் கொருனாவிலேயே எடுங்கள். மெட்ரோவில் காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட்டுக்கும் அபராதம் உண்டு. டிராமில் வங்கி அட்டையைத் தட்டியே டிக்கெட் எடுத்துவிடலாம். உண்மையில் எங்களுக்கு அவ்வளவு ரொக்கம் தேவைப்படவே இல்லை.

மறுநாள் மாமா கையிலிருந்த கடைசி 50 யூரோவை மாற்ற வேண்டும் என்றார். வேறொரு கடை வாசலில் நின்று, பலகையின் இரண்டு பத்திகளையும் மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படித்தார். பிறகு முந்தைய நாள் ரசீதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, அதன் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.