விளம்பரத்து நாயா, காப்பகத்து நாயா? திருகோணமலையில் இரண்டையும் பார்த்தவனின் கதை

நாய் வளர்ப்போம் என்று முடிவெடுத்த அன்றே யாரும் காப்பகத்தைத் தேடிப் போவதில்லை, போனை எடுத்து விளம்பரங்களைத்தான் உருட்டுவோம். நாங்களும் அப்படித்தான். அக்காவின் மகன் ஒரு படத்தைக் காட்டினான். புல்தரையில் பஞ்சு மாதிரி வெள்ளைக் குட்டி, கீழே “லயன் பொமரேனியன், இரண்டு மாதம், ஊசி போட்டது, 22,000, விலை பேசலாம்.” போன் எடுத்தால் மறுமுனையில் நல்ல மரியாதை. “நீங்கள் வீட்டுக்கு அலையத் தேவையில்லை அண்ணா, அநுராதபுரச் சந்திக்கு நானே கொண்டுவந்து தாறன்” என்றார். அந்த இடத்திலேயே நான் போனை வைத்திருக்க வேண்டும். தாய்நாயைக் கண்ணில் காட்டாமல் குட்டியை மட்டும் சந்தியில் கொண்டுவந்து தருகிறவருக்கு, வீட்டில் மறைக்க ஏதோ இருக்கிறது.

பிஸ்கட் பெட்டிக்குள் வந்தது குட்டி. ஊசிக் கார்டு கேட்டதற்கு “நாளைக்கு போட்டோ எடுத்து அனுப்புறன்” என்றார். அந்த நாளை வரவே இல்லை. ஐந்தாம் நாள் காலை குட்டி சாப்பிடவில்லை, மத்தியானம் சத்தி, இரவில் இரத்தம் கலந்த வயிற்றோட்டம், அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவனுக்கு ஆயுளுக்கும் மறக்காது. மிருக வைத்தியர் குட்டியின் மேலுதட்டைத் தூக்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “ரெண்டு மாதமா? ஐந்து, ஆறு கிழமைதான் இருக்கும், கடைவாய்ப் பல்லே இன்னும் முழுசா வரேல்லை” என்றார். பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்குகிற கிருமி நோய். மூன்று நாள் சேலைன் ஏற்றினோம், குட்டி வாங்கிய காசை விடக் கூட முடிந்தது. நாலாம் நாள் விடிய அது போய்விட்டது.

இதில் விற்றவரை மட்டும் திட்டிப் பயனில்லை. பார்வோ தொற்றி மூன்று முதல் ஏழு நாளில்தான் பெரும்பாலும் வெளியே தெரியும், அதனால் “தரேக்க நல்லாத்தானே இருந்தது” என்று அவர் சொன்னது பொய்யாகக்கூட இருக்காது. “ஊசி போட்டது” என்பதுதான் பெரிய ஏமாற்று. முதல் ஊசி ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கும், பிறகு இரண்டு முதல் நாலு கிழமைக்கு ஒருமுறை, குட்டிக்குப் பதினாறு கிழமை ஆகும் வரைக்கும். ஒரே ஒரு ஊசி போட்டுவிட்டுப் ‘போட்டது’ என்று எழுதினால் அது பாதி உண்மை. எட்டுக் கிழமைக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கவே கூடாது, ஆனால் விளம்பரத்தில் விலை போவது சின்னக் குட்டிதான், அதனால் வயதைக் கூட்டிச் சொல்லிக் கைமாற்றிவிடுகிறார்கள். கார்டு என்று ஒன்றைக் காட்டினாலும் மேலட்டையைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உள்ளே மருந்துப் போத்தலில் இருந்து உரித்த சின்ன ஸ்டிக்கர், திகதி, வைத்தியரின் முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். முற்பணத்தைப் போன் வழியாக அனுப்பச் சொன்னால் கதையை அதோடு முடித்துவிடுங்கள்.

சரி, விளம்பரம் எல்லாமே குப்பையா? இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு குடும்பத்தோடு வெளிநாடு போனவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அப்படிப் போகிறவர்கள் போடுகிற “நல்ல வீடு கிடைத்தால் இலவசமாகக் கொடுப்போம்” விளம்பரங்கள் தனி வகை. வளர்ந்த நாய், கையில் கார்டு, எந்த வைத்தியர் பார்த்தார், இடிமுழக்கத்துக்குப் பயப்படுமா, கோழியைத் துரத்துமா என்று எல்லாம் அவர்களுக்குத் தெரியும். நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் அவர்கள் பத்துக் கேள்வி கேட்பார்கள். அப்படிக் கேட்டால் நம்பலாம். காசு எப்போது கொண்டுவருவீர்கள் என்பதை மட்டும் கேட்கிறவரிடம் வாங்காதீர்கள்.

காப்பகத்தில் எனக்கு முதலில் எரிச்சல் வந்ததும் இந்தக் கேள்விகளால்தான். பெயர் தெரிந்த இடங்கள் நமக்குத் தூரம். கொழும்பில் எம்பார்க், இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் சரணாலயம், தெற்கே மிதிகமப் பக்கம் அனிமல் எஸ்ஓஎஸ். நாயோடு பஸ்ஸில் வர முடியாது, வான் பிடித்தால் கூலி குட்டி விலையைத் தொட்டுவிடும். நான் போனது உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டின் பின்வளவு. தகரக் கொட்டில், வரிசையாக அலுமினியத் தட்டு, இருபதுக்கு மேல் நாய்கள், ஒரே இரைச்சல். சீசன் முடிந்து வெள்ளைக்காரர்கள் போனதும் விடுதி வாசல்களில் சாப்பாடு நின்றுவிடும். மாரி மழையில் எலும்பும் தோலுமாகத் திரிகிற கடற்கரை நாய்கள்தான் அங்கே பாதி. நடத்துகிற அக்கா என்னை இருக்கச் சொல்லவே இல்லை. சொந்த வீடா வாடகை வீடா? படலை பூட்டுமா? பகலில் யார் இருப்பார்கள்? யாழ்ப்பாணம் கலியாணத்துக்குப் போனால் சாப்பாடு யார் வைப்பது? பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து மதிலில் உடைந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதை அடைத்தால்தான் நாய் என்று சொல்லிவிட்டுப் போனார். பெண்பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்கள் என்றார் அம்மா.

நான் குட்டிதான் கேட்டேன். பார்வோ கிருமி வளவு மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், சீமெந்துத் தரையைக் குளோரின் போட்டுக் கழுவலாம், மண்ணை என்ன செய்வீர்கள், இப்போது குட்டி கொண்டுபோனால் அதுவும் சாகும் என்று முகத்துக்கு நேரே சொன்னார். சந்தியில் குட்டி விற்றவருக்கு இதைச் சொல்லும் தேவையே இருந்திருக்காது. கிடைத்தது மூன்று வயதுக் கறுப்புப் பெட்டை. கருத்தடை செய்தது, அடையாளத்துக்கு காது நுனியில் சின்ன வெட்டு. விசர்நாய் ஊசி, மற்ற ஊசி எல்லாம் கார்டில். காசு கேட்கவில்லை, விரும்பினால் அரிசி வாங்கித் தரலாம் என்றார்.

குறை இல்லாமல் இல்லை. அத்தனை நாய்கள் ஒன்றாகக் கிடக்கிற இடத்தில் உண்ணியும் சொறியும் சும்மா போகாது. எங்கள் நாயை முதல் மாதமே உண்ணிக் காய்ச்சலுக்கு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாடகை வீட்டுக்காரர்களை அந்த அக்கா பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார், அது அநியாயம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். இன்ன இனம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கும் அங்கே வேலை இல்லை. அவர்கள் தாய்நாயைக் காட்டுகிற வளர்ப்பாளரைத் தேடி நேரில் போவதுதான் சரி.

ஆனால் காப்பகத்து அக்கா சொன்னபடியே நடந்தது. “யாரும் பார்த்தால் சாப்பிடாது. மோட்டார் சைக்கிள் சத்தம் பிடிக்காது. முதல் ரெண்டு கிழமை கட்டிலுக்குக் கீழேதான், இழுக்காதீங்க.” சூடை மீன் தலையைச் சோற்றில் பிசைந்து வைத்துவிட்டு நாங்கள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம், தட்டு தரையில் உரசுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருவோம். தைப்பொங்கல் அன்று வெடிக்குப் பயந்து மறுபடியும் கட்டிலுக்குக் கீழே. அன்றைக்கென்று அக்கா போன் எடுத்து, எப்படி இருக்கிறது, ஒரு படம் அனுப்புங்கள் என்றார். வால் நுனி மட்டும் தெரிகிற படம் ஒன்றை அனுப்பினேன்.

விளம்பரக்காரரின் இலக்கம் அப்போதே வேலை செய்யவில்லை. போன கிழமை என் அக்காவின் மகன் மறுபடியும் போனை நீட்டினான். புது இலக்கம், அதே புல்தரை, அதே வெள்ளைக் குட்டி, வயது இன்னும் இரண்டே மாதம்.