பிளெய்ன் பேகலுக்கு எந்த மாவு: கிங் ஆர்தர் பிரெட் ஃப்ளவர், சர் லான்சலட், ஈடன் பார்லி மால்ட்

பேகல் என்பது கொதிநீரில் போட்டு எடுத்துச் சுடும் வளைய ரொட்டி. எள்ளும் கசகசாவும் வெங்காயமும் மேலே ஏறிவிட்டால் அதன் பாதிக் குறை கண்ணில் படாது. பிளெய்ன் பேகலுக்கு அந்தச் சலுகை கிடையாது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், மால்ட் (முளைகட்டிய பார்லியின் பாகு) என்று ஐந்தே பொருள்; அதில் முக்கால் பங்குச் சுவையும் கடிக்கும்போது வரும் இழுவையும் மாவிலிருந்தே வருகிறது. ஆகவே வீட்டில் பேகல் செய்ய இறங்குபவர்கள் மிக்சர், பேக்கிங் ஸ்டீல், பேகல் அச்சு என்று தேடுவதற்கு முன் நல்ல மாவுப் பை ஒன்றுக்குக் காசு கொடுக்கலாம். அச்சு தேவையே இல்லை.

அமெரிக்கக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது கிங் ஆர்தர் பிரெட் ஃப்ளவர், நீலப் பை, 5 பவுண்டு, அதாவது 2.27 கிலோ. புரதம் 12.7 சதவீதம். அதே நிறுவனத்தின் சர் லான்சலட் ஹை குளூட்டன் மாவில் 14.2 சதவீதம். குளூட்டன் என்பது பிசைந்த மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதம். இது பேக்கரிகளுக்கு 50 பவுண்டு மூட்டையாகப் போவது. சூப்பர் மார்க்கெட் அலமாரியில் பார்ப்பது அரிது. சிவப்புப் பையில் வரும் ஆல் பர்ப்பஸ் 11.7 சதவீதம்.

பையின் பின்னால் உள்ள ஊட்டச்சத்துக் கட்டத்தை மட்டும் பார்த்து மாவு வாங்க வேண்டாம். அங்கே 30 கிராம் மாவுக்குக் கணக்குப் போட்டு, புரதத்தை முழு கிராமாக்கி எழுதுவார்கள். 11.7 சதவீத மாவு 3.5 கிராமுக்குச் சற்று மேல், 12.7 சதவீதம் 3.8, 14.2 சதவீதம் 4.26. மூன்றுமே 4 கிராம் என்றுதான் அச்சாகும். மாவின் பலம் தெரிய வேண்டுமானால் நிறுவனம் தனியாகச் சொல்லும் சதவீதம் வேண்டும். அதை வெளிப்படையாகச் சொல்வதே கிங் ஆர்தரை எடுப்பதற்கு முதல் காரணம்.

நியூயார்க் பேகல் கடைகளில் வழக்கமாகப் புழங்குவது 14 சதவீதத்தை ஒட்டிய மாவு. ஜெனரல் மில்ஸின் ஆல் டிரம்ப்ஸ் அந்த வகை. அதில் மாவைப் பலப்படுத்தும் ரசாயனமான பொட்டாசியம் புரோமேட் சேர்த்ததும் உண்டு, சேர்க்காததும் உண்டு. புற்றுநோய் அச்சத்தால் இந்தியாவில் புரோமேட்டுக்கு 2016 முதல் தடை. கிங் ஆர்தர் மாவுகளில் புரோமேட் சேர்ப்பதில்லை, வெளுப்பதும் இல்லை. வீட்டில் குழந்தைகளுக்கும் சேர்த்துச் செய்யும் பண்டத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல.

எட்டு பேகலுக்கு அளவு இது: பிரெட் ஃப்ளவர் 500 கிராம், தண்ணீர் 280 கிராம், பார்லி மால்ட் சிரப் 15 கிராம், உப்பு 10 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 3 கிராம். மொத்தம் 808 கிராம். உருண்டைக்கு 100 கிராம் கச்சிதமாக வரும். ஒரு பையில் நாலரைத் தடவை செய்யலாம். தராசு கட்டாயம். கிங் ஆர்தரின் கணக்கில் ஒரு கப் மாவு 120 கிராம். ஆனால் கப்பைப் பைக்குள் விட்டு அள்ளினால் 145 கிராம்கூட ஏறிவிடும். நாலு கப்பும் கொஞ்சமும் அப்படி அள்ளினால் 600 கிராம் ஆகிவிடும். மாவின் எடையில் 56 சதவீதமாக இருக்க வேண்டிய தண்ணீர் 46 சதவீதத்துக்கு இறங்கும். அந்த மாவு திரண்டு வராது, உருட்டினால் வெடிக்கும். பேகல் சரியாக வரவில்லை என்று மாவைக் குறை சொல்பவர்களில் பலருக்குக் குற்றவாளி கப்தான்.

56 சதவீதத்தில் பிசைந்தால் பூரிக்குப் பிசையும் மாவின் கெட்டி வரும். பிரெட் ஃப்ளவர் இதைத் தாங்குகிறது. கையால் பிசைந்தால் 12 முதல் 15 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் சொரசொரவென்று பிடிவாதம் பிடிக்கும், அப்போது தண்ணீர் தெளிக்கக் கூடாது. மூடி வைத்துப் பத்து நிமிடம் விட்டுப் பிசைந்தால் தானாக வழவழப்பாகும். ஸ்டாண்ட் மிக்சரில் கொக்கியை மாட்டி இரண்டாம் வேகத்தில் 8 நிமிடம். அதற்கு மேல் வேகம் கூட்டினால் கெட்டி மாவு கொக்கியில் சுற்றிக்கொண்டு மோட்டாரைச் சூடாக்கும். சாய்ந்து திறக்கும் வீட்டு மிக்சருக்கு 500 கிராம் மாவே எல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. பிசைந்து முடிந்ததும் மாவின் சூடு 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். 29க்கு மேல் போனால் ஈஸ்ட் முந்திக்கொள்ளும், ராத்திரி ஃபிரிட்ஜில் வைப்பதற்குள் பாதி உப்பிவிடும். வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள்.

சர் லான்சலட்டின் குணம் இங்கேதான் வேறுபடுகிறது. அதே கெட்டிக்கு 10 முதல் 15 கிராம் தண்ணீர் அதிகம் கேட்கும். 280 கிராமிலேயே நிறுத்தினால் கையால் பிசைவது பெரும் பாடு. உருட்டும்போது ரப்பர் போலச் சுருங்கி வரும். ஒவ்வொரு உருண்டைக்கும் 15 நிமிடம் ஓய்வு கொடுத்த பிறகே கயிறாக நீளும். பலன் என்ன என்றால் வெந்த பேகல் நிமிர்ந்து நிற்கிறது, கடித்தால் நல்ல இழுவை. கடைப் பேகலின் கடி வேண்டும் என்றால் இதுதான். ஆனால் ஆறின பிறகு, முக்கியமாக மறுநாள், தோல் மெல்லுவதற்குக் கடினமாகிவிடுகிறது. வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்காகச் செய்பவர்களுக்கு நீலப் பையே போதும் என்பது எங்கள் தீர்ப்பு. கடைப் பேகலைத் தவிர வேறு எதிலும் மனம் நிறையாதவர்கள், வலுவான மிக்சரும் வைத்திருந்தால், சர் லான்சலட் வாங்கலாம். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் புரதம் 13.45 சதவீதம் வரும். மூன்றில் நல்லது அந்தக் கலவைதான். ஆல் பர்ப்பஸில் செய்தால் உருவம் வரும், பேகல் வராது. வட்டமான பன் கிடைக்கும்.

பிசைந்த மாவு ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் இருக்கட்டும். பிறகு 100 கிராம் உருண்டைகள், பத்து நிமிட ஓய்வு. ஒவ்வொன்றையும் 22 முதல் 25 செ.மீ. நீளக் கயிறாக உருட்டி, நாலு விரலைச் சுற்றி வளைத்து, இரு முனையும் ஐந்து செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற வைத்து, அந்த இடத்தை மேடையில் அழுத்தி உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்டினால் இணைப்பு மறைந்துவிடும். மேடையில் மாவு தூவவே கூடாது. தூவினால் முனைகள் ஒட்டாது, கொதிநீரில் போட்டதும் வாய் பிளக்கும். வழுக்கினால் ஈரத் துணியால் மேடையைத் துடைத்தால் போதும். நடுத் துளை நாலு செ.மீ. இருக்க வேண்டும், உப்பும்போது பாதி மூடிக்கொள்ளும். உருண்டையைக் குத்தித் துளை போடுவது சுலபம்தான். ஆனால் கயிறாக உருட்டியதில் மாவு ஒரே திசையில் இழுபட்டு நிற்பதால் கடி இன்னும் நன்றாக இருக்கிறது. 1960களில் டேனியல் தாம்சனின் இயந்திரம் வரும் வரை நியூயார்க்கில் பேகல் தொழிலாளர்களின் லோக்கல் 338 தொழிற்சங்கத்துக்காரர்கள் கையால் செய்துவந்த வேலை இது.

ட்ரேயில் பட்டர் பேப்பர் விரித்து, எண்ணெய் தடவி, ரவை தூவி, அதன் மேல் அடுக்கி, பிளாஸ்டிக் உறையால் மூடி ஃபிரிட்ஜில் 12 முதல் 18 மணி நேரம். இதைச் சுருக்க வழியில்லை. சுவை அங்கேதான் உருவாகிறது. வெந்த தோலில் பொடிப்பொடியாக வரும் கொப்புளங்களும் குளிரில் கிடந்ததன் அடையாளம். மூடாமல் வைத்தால் மேல்தோல் காய்ந்து, ஓவனில் கிழியும்.

காலையில் ஒரு பேகலைக் கிண்ணத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பத்து விநாடிக்குள் மிதந்தால் எல்லாம் தயார். மூழ்கிக் கிடந்தால் ட்ரேயை வெளியே எடுத்து 20 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். மிதக்கும்போதே தளதளவென்று விரல் பதிகிற அளவுக்கு உப்பியிருந்தால் நேரம் கடந்துவிட்டது: வெந்நீரில் உப்பி, வெளியே எடுத்ததும் சுருங்கி, முகமெல்லாம் வரி விழும். அடுத்த முறை ஈஸ்டை 2 கிராமாகக் குறைக்க வேண்டும்.

இப்போது மால்ட். ஈடன் நிறுவனத்தின் பார்லி மால்ட் சிரப் கருந்தேன் நிறத்தில், இறங்க மறுக்கும் கெட்டியில் இருக்கும். கரண்டியை வெந்நீரில் நனைத்து எடுத்தால் ஒட்டாது. தேனைவிட இனிப்புக் குறைவு, வறுத்த தானிய வாசனை அதிகம். மாவில் 15 கிராம், கொதிநீரில் 3 லிட்டருக்கு 40 கிராம். கூடவே ஒரு டீஸ்பூன் ஆப்பச் சோடா போட்டால் நிறம் இன்னும் ஆழமாகும். வெல்லப்பாகோ பழுப்புச் சர்க்கரையோ நிறத்தைத் தரும். பேகல் கடைக்குள் நுழைந்ததும் வரும் அந்த வாசனையைத் தராது. ஐந்து பொருளில் ஒன்றான இதில் சமரசம் வேண்டாம். கனடாவின் மாண்ட்ரியல்காரர்கள் தேன் கலந்த தண்ணீரில் வேகவைத்து விறகு அடுப்பில் சுடுவார்கள். அது தனி மரபு, தனிச் சுவை. அதை நியூயார்க் பேகலுக்கான மாற்றாக நினைக்க வேண்டாம்.

டயஸ்டாடிக் மால்ட் பவுடர் என்று விற்பது வேறு சரக்கு. அதில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதி உயிரோடு இருக்கிறது. 500 கிராம் மாவுக்கு ஒரு டீஸ்பூனைத் தாண்டினால் உள்பக்கம் பிசுபிசுவென்று வேகாததுபோல இருக்கும். சிரப் தீர்ந்துவிட்டது என்று அதே 15 கிராமுக்கு இந்தப் பவுடரைப் போட்டால் எட்டு பேகலும் வீண்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்காமல் மெல்லக் கொதிக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து நேராக, ஒரு ஈட்டுக்கு மூன்று பேகல், பக்கத்துக்கு 30 முதல் 45 விநாடி. மேல் மாவுச்சத்து வெந்து கெட்டிப்படுவதால்தான் பளபளப்பும் தடித்த தோலும் வருகின்றன. ஓவனில் அளவுக்கு மீறி உப்பாமல் பிடித்து வைப்பதும் அதுவே. ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டால் தோல் மிகத் தடித்து, உள்ளே அடர்ந்துபோகும். ஜல்லிக் கரண்டியால் எடுத்து நீர் வடித்து, ரவை தூவிய ட்ரேயில் வைத்து, 230 டிகிரியில், அதாவது 450 ஃபாரன்ஹீட்டில், 18 முதல் 22 நிமிடம். பாதியில் ட்ரேயைத் திருப்புங்கள். அடிப்பக்கம் முந்திக் கறுத்தால் இரண்டு ட்ரேயை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். வெளிர்ந்த பொன்னிறத்தில் நிறுத்திவிடுவது பரவலான தவறு. முந்திரியை நெய்யில் நன்றாகச் சிவக்க விட்ட நிறம் வர வேண்டும்.

நியூயார்க் தண்ணீர் மென்மையானது, அதனால்தான் அங்கே பேகல் நன்றாக வருகிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். கெட்டி மாவும் குளிர்ந்த இரவும் இல்லாத சமையலறையில் எந்த ஊர்த் தண்ணீரும் உதவாது. குளோரின் வாசனை தூக்கலாக இருந்தால் வடிகட்டி ஊற்றுங்கள், அவ்வளவு போதும்.

தமிழ்நாட்டில் இந்த மாவுகள் இறக்குமதிக் கடைகளை விட்டால் கிடைப்பதில்லை. அங்கே மைதாவோடு வைட்டல் வீட் குளூட்டன் கலப்பதுதான் வழி. மைதா 10.5 சதவீதம், குளூட்டன் பொடி 75 சதவீதம் புரதம் என்று வைத்தால், 475 கிராம் மைதாவும் 25 கிராம் குளூட்டனும் சேர்ந்து 13.7 சதவீதம் ஆகும். இரண்டையும் உலர்வாகவே நன்றாகக் கலந்து சலிக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பட்டதும் குளூட்டன் கட்டி கட்டியாகத் திரண்டு கரையாது. தண்ணீரையும் 25 கிராம் கூட்டுங்கள். சுவையில் நீலப் பையை எட்டாது. கடியில் கிட்டத்தட்ட வந்துவிடும்.

வெந்த பேகலை அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் அறுக்க வேண்டும், சூட்டில் அறுத்தால் உள்ளே நசுங்கும். அன்றைக்கே தீராததைக் குறுக்கே அறுத்து, பையில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் நேராக டோஸ்டருக்குப் போகலாம். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், மேசையில் கிடப்பதைவிட அங்கே சீக்கிரமாக விறைத்துப்போகும்.