சட்டைப் பைக்கு எந்த டார்ச்? பென்சில் கட்டையா, சார்ஜ் ஏற்றுவதா?

கம்பம், கூடலூர், போடி பக்கமிருந்து விடியுமுன் ஜீப் ஏறி, குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் அப்பால் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்குக் கையடக்கமாக ஒரு டார்ச் இல்லாமல் ஆகாது. போனில் லைட் இருக்கிறதே என்பார்கள். நனைந்த விரலுக்குத் தொடுதிரை ஒழுங்காகக் கேட்காது. கரண்ட் போன இரவில் பேசுவதற்கு இருக்கிற சார்ஜையும் அந்த லைட்டே தின்றுவிடும். போனை இத்தோடு விடலாம்.

மிச்சம் நான்கு வகை. சாவிக்கொத்தில் தொங்கும் யூஎஸ்பி லைட், ஒற்றை ஏஏஏ (ரிமோட்டில் போடும் சின்னப் பென்சில் கட்டை), ஒற்றை ஏஏ (சுவர்க்கடிகாரத்தில் போடுவது), 18650 என்ற தடித்த லித்தியம் செல். என் பையில் இருப்பது ஏஏ. அதன் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

லூமனை (வெளிச்சத்தின் அளவை) வைத்துத் தேர்ந்தெடுக்கப் போனால் ஏமாற்றம்தான். ஒற்றையடிப் பாதையில் நடக்க 30 முதல் 50 லூமன் போதும். லயத்துக்குள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) யாரையும் எழுப்பாமல் எதையாவது தேட 5 லூமனே அதிகம். அட்டைப்பெட்டியில் 1000 என்று போட்டிருந்தாலும் விரல் நீள உடம்பு அந்தச் சூட்டைத் தாங்காது. ஓரிரு நிமிடத்தில் தானே மங்கிக்கொள்ளும். எரியும் நேரத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. டார்ச்சுகளுக்கான எஃப்எல்1 அளவுமுறைப்படி, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரத்தைத்தான் அச்சிடுகிறார்கள். ஐந்து மணி நேரம் என்றால் ஐந்து மணி நேரமும் அதே வெளிச்சம் என்று பொருள் இல்லை.

நம்பத்தக்க கணக்கு செல்லில் இருக்கும் சக்திதான். சார்ஜ் ஏற்றக்கூடிய ஏஏஏவில் சுமார் 1 வாட்-மணி, ஏஏவில் 2.4, நல்ல 18650இல் 12 வரை. 50 லூமனில் எரியவிட்டால் தோராயமாக ஒன்றரை மணி, நான்கு மணி, இருபது மணி நேரம். இதைப் பார்த்ததும் 18650தான் என்று தோன்றும். செல் மட்டுமே 45 கிராமுக்கு மேல். உடம்போடு சேர்ந்தால் சட்டைப் பை தொங்கும், குனியும்போது நழுவி விழும். கைலிக்குப் பையும் கிடையாது. ஏஏ செல் 27 கிராம்தான். அதைப் போட்ட டார்ச் பேனா மாதிரி கிளிப்பில் நிற்கும்.

இதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம். தீர்மானிக்கிற விஷயம் வேறு: கட்டை தீர்ந்தால் என்ன செய்வீர்கள், கட்டை கெட்டுப்போனால் என்ன செய்வீர்கள்.

யூஎஸ்பி சாவிக்கொத்து லைட்டில் இரண்டாம் கேள்விக்குப் பதிலே இல்லை. உள்ளே இருக்கும் லித்தியம் செல் சில நூறு சார்ஜுக்குப் பின் தளரும். வெயிலில் நிற்கும் ஜீப்பின் டேஷ்போர்டில் முழுச் சார்ஜோடு கிடந்தால் இன்னும் சீக்கிரம். பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியிருப்பதால் மாற்ற முடியாது. சார்ஜ் துளையை மூடும் ரப்பர் நாக்கு தளர்ந்ததும் மழை ஈரம் உள்ளே போய்ப் பின்களில் பச்சை பூக்கும். மலிவான சில லைட்டுகளில் டைப்-சி துளை இருக்கும், ஆனால் இரு முனையும் சி ஆன கேபிளில் சார்ஜ் ஏறாது. உள்ளே போடவேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டரை மிச்சம் பிடித்திருப்பார்கள். ஒரு முனை பழைய ஏ வகையாக இருக்கும் கேபிளில் ஏறும். லைட் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். இந்த வகை எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல என்னால் ஆகாது.

18650ஐ மாற்றலாம். ஆனால் மலையடிவாரத்துப் பெட்டிக்கடையில் கிடைக்காது. ஆன்லைனில் கொள்ளளவு 9900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சிட்டு வருவது சுத்தப் பொய். நல்ல செல்லே பொதுவாக 3500ஐ ஒட்டித்தான் நிற்கும். நகைக்கடைத் தராசில் வைத்தால் குட்டு உடையும், போலி பலவும் எடை குறைவாக இருக்கும். இன்னொரு எச்சரிக்கை: அந்தச் செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ், மேல் விளிம்பு வரைக்கும். மேலுறை கிழிந்தால் ஷார்ட் ஆகலாம், அந்தச் செல்லைத் திரும்பப் போடக்கூடாது.

ஏஏஏ டார்ச் இருப்பதே தெரியாத அளவு சின்னது. நகரத்தில் படிக்கட்டுக்கும் பூட்டுத் துளைக்கும் அது போதும். மூன்று ஏஏஏவை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் அடுக்கிப் போடும் மலிவு டார்ச் மட்டும் வேண்டாம். ஒன்று முதலில் தீர்ந்தாலும் மற்ற இரண்டும் அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தீர்ந்தது தலைகீழாக ஏறி ஒழுகும். ஒற்றைச் செல் டார்ச்சில் இந்தச் சிக்கலே வராது.

இனி ஏஏ. மேட்டில் இருக்கும் மளிகைக் கடையிலும் கிடைக்கும் என்பது இதன் பலம். அந்தக் கடைக் கட்டைதான் இதன் எமனும்கூட. ஆல்கலைன் செல் தீர்ந்த பிறகு உள்ளே வாயு சேர்ந்து அடைப்பைத் திறக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து அலுமினிய உடம்பை அரிக்கும். செல் உப்பிக் குழாய்க்குள் சிக்கிவிட்டால் பெரும்பாலும் டார்ச்சும் போச்சு. வெள்ளைப் பொடி அளவில் கண்டுவிட்டால், பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ஈரப்பஞ்சால் மறுபடி துடைத்து, நன்றாகக் காயவிட்டால் பிழைக்கும். ஆல்கலைன் அல்லாத பழைய வகைத் துத்தநாகக் கட்டை ஒழுகினால் அது அமிலப் பக்கம். அதற்கு எலுமிச்சை கூடாது, சோடா உப்புக் கரைசல்.

ஆகவே அன்றாடம் உள்ளே இருக்கவேண்டியது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, அதிலும் சும்மா கிடந்தால் சார்ஜ் சீக்கிரம் இறங்காத வகை. எனலூப் போன்றவை இந்த ரகம், 2000 மில்லி ஆம்பியர் மணி அளவில் இருக்கும். 2700, 2800 என்று பெரிய எண் போட்டவை கிடந்தபடியே சீக்கிரம் இறங்கும். எப்போதாவது எடுக்கும் டார்ச்சுக்கு அவை தோதில்லை. 1.2 வோல்ட்தானே, மங்கலாக எரியுமே என்று தயங்க வேண்டாம். ஒற்றை ஏஏ எல்இடி டார்ச்சில் வோல்ட்டை ஏற்றும் சர்க்யூட் உண்டு. அதிக மின்சாரம் இழுக்கும்போது ஆல்கலைன்தான் முதலில் தொய்யும்.

சார்ஜரில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டிரண்டாகச் சேர்த்து ஏற்றி, நேரக் கணக்கில் நிற்கும் சார்ஜர் செல்லைக் கொல்லும். ஒவ்வொரு செல்லையும் தனியாகப் பார்த்து நிறுத்துவதாக வாங்குங்கள். ஏஏவுக்கு 500 முதல் 1000 மில்லி ஆம்பியர் சரி. இரண்டு செல் போதும்: ஒன்று டார்ச்சில், ஒன்று பிளாஸ்டிக் டப்பாவில். சில்லறையோடும் சாவியோடும் வெறும் செல்லைப் போட்டால் ஷார்ட் ஆகிச் சுடும். கடைக் கட்டையை அவசரத்துக்குப் போட்டால் வீடு வந்ததும் கழற்றிவிட வேண்டும்.

ஏஏ அளவிலேயே 14500 என்ற லித்தியம் செல்லும் இருக்கிறது. முழுச் சார்ஜில் 4.2 வோல்ட். இரண்டையும் ஏற்கும் டார்ச்சுகள் உண்டு, சோஃபிர்ன் எஸ்பி10 ப்ரோ ஒன்று. மற்றதில் போட்டால் சர்க்யூட் கருகலாம். கடிகாரமும் ரிமோட்டும் இருக்கும் வீட்டில் குழந்தைகள் மாற்றிப் போட்டுவிடுவார்கள் என்பதால் நான் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

ஏஏ தோற்கும் இடம் தூரம். யானை நடமாடும் பாதையில் ஐம்பது அறுபது மீட்டருக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று பார்க்கவேண்டியவர்கள், காவல் வேலைக்காரர்கள், 18650இல் ஒளியைக் குவித்து அடிக்கும் வகையைத் தனியாக வைத்துக்கொள்வதுதான் சரி. பனிமூட்டத்தில் எந்த டார்ச்சானாலும் முகத்தருகே பிடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடியுங்கள்.

கடையில் வாங்கும்போது பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். மரையும் உடம்பின் நிறத்திலேயே பூச்சுப் பெற்றிருந்தால், மூடியைக் கால் சுற்று தளர்த்தியதும் மின்சாரம் அறும், பையில் தானாக எரியாது. மரை வெள்ளையாகப் பளபளத்தால் அந்த வசதி இல்லை. மூடியின் ரப்பர் வளையத்துக்கு மழை தொடங்கும் முன் ஒரு சொட்டு சிலிக்கோன் கிரீஸ் வைக்கவும். தேங்காய் எண்ணெயும் வாசலினும் வேண்டாம், சில ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும்.